வெங்காய அறையும் சுவாமி அறையும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

இணுவிலில் வீடுகள் பெரியவை. ஆனால் "இடம் காணாது" என்று சொல்லாத வீட்டை நாங்கள் இன்னும் காணவில்லை. ஏழு அறை உள்ள வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரும் ஹோலிலேயே இருப்பார்கள். பிள்ளை ஹோலில் படிக்கும். அதே ஹோலில் ரிவி ஓடும். அதே ஹோலில் அம்மம்மா சாய்மனைக் கதிரையில் கண்ணயர்வார். மற்ற அறைகளில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், கால் உடைந்த கதிரை, ஓடாத தையல் மெசின், வெளிநாட்டுப் பெட்டிகள், கட்டிவைத்த பழைய பேப்பர், யாராவது வந்தால் படுக்கட்டும் என்று விரித்து வைத்த ஒரு கட்டில்.

அந்த மற்ற அறைகளைப் பற்றித்தான் எழுதுகிறோம். இருட்டு அறை, ஒடுங்கிய அறை, வெக்கை அறை, கதவு பிழையான பக்கம் வைத்த அறை. "அது ஒண்டுக்கும் உதவாது" என்று எல்லா வீட்டிலும் ஒரு அறைக்குப் பெயர் இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். பாடசாலைக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று நாலு வருடத்துக்கு முன் இணுவிலுக்கு வாடகைக்கு வந்தோம். இரண்டு பிள்ளைகள், உம்மா, நாங்கள் இருவர் என்று ஐந்து பேர். வீட்டுக்காரர் ஐயாவின் குடும்பம் கனடாவில். 1974இல் குடிபுகுந்த வீடு என்று அவர் சொன்னார். முன்னால் விறாந்தை, நடுவில் ஹோல், இரண்டு படுக்கை அறை, ஒரு சுவாமி அறை, பின்னால் குசினி, குசினிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரோர், வடக்குப் பக்கமாக நீளத்துக்கு ஒரு ஒடுங்கிய விறாந்தை. எண்ணிப் பார்த்தால் இடம் தாராளம். குடியிருக்கப் பார்த்தால் பாதி இடத்தில் இருக்க முடியாது.

வாடகை வீடு. சுவரை உடைக்க முடியாது, உடைக்கவும் கூடாது. 2022 நெருக்கடிக்குப் பிறகு சிமெந்து விற்கிற விலைக்குச் சொந்த வீட்டுக்காரரே புதிதாக ஒரு அறை இறக்க இரண்டு தரம் யோசிக்கிறார்கள். ஆகவே இருக்கிற அறையை எப்படிப் பாவிப்பது என்பது ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது.

அந்த அறைகளோடு இருந்து பழகியதில் எங்களுக்கு விளங்கிய ஒரு விடயம் உண்டு. ஒரு அறை உதவாமல் போவது அநேகமாக அது பிழையாகக் கட்டப்பட்டதால் அல்ல. அது எந்த வாழ்க்கைக்காகக் கட்டப்பட்டதோ அந்த வாழ்க்கை வீட்டை விட்டுப் போய்விட்டது. அறை மட்டும் நிற்கிறது.

எங்கள் ஸ்ரோரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு அது நல்ல காலம். வலிகாமத்தில் இன்று "பழைய வீடு" என்று நாம் சொல்லும் கல்வீடுகள் பல அந்த வருமானத்தில் எழும்பியவை. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட, அந்தக் காலமும் முடிந்தது. அந்த ஏழு வருடத்துக்குள் கட்டிய வீட்டில் ஸ்ரோர் என்பது உடைந்த சாமான் போடும் மூலை அல்ல. வெங்காயம் இருக்கும் அறை. சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடி கட்டி, தடியில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். ஈரம் பட்டால் அழுகும், காற்று இல்லாவிட்டால் புழுங்கும். அடுத்த போகத்துக்கு விதையும் அதில்தான். ஆகவே ஒரு தோட்டக்காரர் தன் வீட்டில் மிகவும் கவனமாகக் காற்றுப் பார்த்துக் கட்டிய அறை எது என்றால், படுக்கை அறை அல்ல, அந்த ஸ்ரோர்தான்.

நாங்கள் வரும்போது அது கூரை மட்டும் சாமானால் நிறைந்து கிடந்தது. கிழக்கிலும் மேற்கிலும் சுவரின் மேற்பகுதியில் ஓட்டை வைத்த சிமெந்துக் கற்கள். அவற்றை மறைத்துக்கொண்டு பெட்டிகள். ஐயாவுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்டோம். "எல்லாத்தையும் எடுத்துக் கோடிப்புறத்துக் கொட்டிலுக்கை போடுங்கோ ரீச்சர், அதுக்கை ஒரு சாமானும் இல்லை" என்றார். இரண்டு சனிக்கிழமை போனது. கடைசிப் பெட்டியை எடுத்த பிறகு அந்த அறைக்குள் நின்றபோது, வீட்டில் எங்கும் இல்லாத ஒரு குளிர்ச்சி. மேலே பார்த்தால் இரண்டு சுவருக்கும் குறுக்கே வெங்காயம் தொங்கவிட்ட பனஞ்சலாகைகள் அப்படியே இருந்தன.

அதுதான் இப்போது பிள்ளைகள் படிக்கும் அறை. பழைய கதவுப் பலகை ஒன்றை ஓடாவியிடம் கொடுத்து மேசையாக்கினோம். ஆசிரியர் கலாசாலையில் வகுப்பறை ஒழுங்கு படிக்கும்போது சொல்லித்தந்த ஒரு சின்ன விதி உண்டு. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப்பக்கத்தில் இருந்து வரவேண்டும், அப்போதுதான் எழுதும் கையின் நிழல் கொப்பியில் விழாது. இடக்கைப் பிள்ளைக்கு மறுபக்கம். மூத்தவள் வலக்கை, சின்னவன் இடக்கை. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் எதிர் எதிராக இருத்தினோம். ஒரே யன்னல் இருவருக்கும் சரிவந்தது. மூத்தவளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிற வருடம். ரிவிச் சத்தம் எட்டாத, வேர்க்காத ஒரு இடம் அவளுக்குக் கிடைத்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல். பனஞ்சலாகையில் இப்போது புத்தகப் பைகள் தொங்குகின்றன.

அடுத்தது வெக்கை அறை. இது எங்கள் ஊரில் பல வீட்டில் உண்டு. ஓட்டு வீட்டோடு பிறகு ஒட்டிக் கட்டிய, மேலே கொங்கிறீற் பிளாட் போட்ட, மேற்குப் பார்த்த அறை. மேல்மாடி எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். கம்பி கறள் பிடித்துப் போகும், மாடி வராது. கொங்கிறீற் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவில்தான் அதை அறைக்குள் விடும். நாம் படுக்கப் போகும் நேரம்தான் அந்த அறைக்கு உச்சி வெயில். மின்விசிறி போட்டால் அந்த வெக்கையைச் சுழற்றித் தரும்.

அந்த அறையை மாற்ற முடியாது. ஆனால் பாவிக்கும் நேரத்தை மாற்றலாம். காலை ஆறு மணியில் இருந்து பதினொரு மணிவரை அந்த அறை நல்ல அறை. ஆகவே அதில் படுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். அலுமாரிகள், துணி மடிப்பது, அயன் பண்ணுவது, தையல், எல்லாம் அங்கே. எல்லாம் காலையில் முடிகிற வேலை. பிளாட்டுக்கு மேலே சுண்ணாம்பு அடித்தோம், சித்திரை வைகாசியில் மட்டும் கிடுகு பரப்புகிறோம். மேற்குச் சுவரை மறைத்து வெளியே ஒரு பாகற்காய்ப் பந்தல். இப்போது இரவில் அந்தப் பக்கச் சுவரைத் தொட்டால் முன்னைய சூடு இல்லை. உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். பாத்றூமுக்குக் கிட்ட இருந்த சின்ன அறையில் இருந்த அலுமாரிகள் இங்கே வந்ததால் அந்த அறை உம்மாவுக்குக் கிடைத்தது. ஒரு அறையைச் சரியாகப் பாவித்தால் இன்னொரு அறை விடுபடும். இதைக் கணக்குப் பாடம் போல எங்கள் வீடு எங்களுக்குக் காட்டியது.

எந்த அறைக்கு எந்த நேரம், எந்த வேலை என்று கண்டுபிடிக்க ஒரு செலவில்லாத வழி உண்டு. ஒரு ஊதுபத்தி கொளுத்தி ஒவ்வொரு அறையிலும் தரையோடு ஒருக்கால், தலை உயரத்தில் ஒருக்கால் பிடித்துப் பாருங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது, எங்கே அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளிடம் விட்டால் விளையாட்டாகச் செய்வார்கள். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் ஒரு தரம், வாடைக் காற்று வரும் கார்த்திகை, மார்கழியில் ஒரு தரம் பார்க்கவேண்டும். சோளகத்தில் காற்று வரும் யன்னல் வாடையில் மழைச் சாரல் அடிக்கும் யன்னல் அல்ல. எங்கள் முன்னோர் கட்டில் போடும் இடத்தைக் காலத்துக்குக் காலம் மாற்றியது பொழுது போகாமல் அல்ல.

இருட்டுக்கு வருவோம். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் பகலிலும் லைற் போடவேண்டிய ஒரு நடை இருந்தது. பழைய நாற்சார் வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. நடுவில் முற்றம், வானம் பார்த்தபடி. எல்லா அறைக்கும் வெளிச்சமும் காற்றும் அங்கிருந்துதான். பிறகு வந்த வீடுகளில் முற்றத்தை மூடி ஹோல் என்றோம். பெயர் மாறியது, நடுவில் இருட்டு வந்தது. சீதனத்துக்காக ஒரு வீட்டை இரண்டு சகோதரிகளுக்குப் பிரித்துக் குறுக்கே சுவர் எழுப்பிய வீடுகளில் இன்னும் மோசம். ஒரு பக்கத்துக்கு யன்னல் எல்லாம், மறுபக்கத்துக்கு இருட்டு எல்லாம் போயிருக்கும்.

இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தனக்காகச் செய்த வீட்டை இந்த இடத்தில் சொல்லவேண்டும். 1958இல் கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நாலு சிறு வீடுகளில் ஒன்றில் அவர் குடியேறினார். பத்து வருடத்துக்குள் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கலாம். அவர் அந்தச் சின்னச் சின்ன அறைகளை ஒன்றோடொன்று இணைத்தார். இடையில் வந்த ஒடுங்கிய நடைகளுக்கு மேலே கூரையைத் திறந்து வெளிச்சம் இறக்கினார். செட்டிநாட்டுப் பழைய வீட்டுத் தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். உலகமே வந்து பார்க்கும் அந்த வீட்டில் ஆட்களின் மனதில் நிற்பது மேலே இருந்து வெளிச்சம் விழும் அந்த நீண்ட நடைதான். யாரும் உதவாது என்று சொல்லக்கூடிய இடம்.

எங்களிடம் பாவாவின் காசும் இல்லை, கூரையைத் திறக்கும் உரிமையும் இல்லை. ஐயாவைக் கேட்டு இரண்டு ஓட்டைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு கண்ணாடி ஓடு போட்டோம். கழற்றிய ஓடுகள் கொட்டிலில் பத்திரமாக இருக்கின்றன, நாங்கள் போகும்போது திரும்பப் போடலாம். அன்றில் இருந்து பகலில் அந்த நடைக்கு லைற் போடுவதில்லை. உம்மா இரண்டு தரம் தடுக்கி விழப்பார்த்த இடம் அது.

வடக்குப் பக்க ஒடுங்கிய விறாந்தை நாலரை அடி அகலம். கட்டில் போட முடியாது, மேசை போட்டால் ஆள் போக முடியாது. ஆனால் அது கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து கிப்லா திசை மேற்கில் இருந்து ஏறக்குறைய 22 பாகை வடக்கே சாயும். முஸல்லாவைக் கொஞ்சம் சரித்துப் போட்டால் இரண்டு பேர் தோளோடு தோள் நின்று தொழலாம், பின்னால் இன்னும் இரண்டு பேர். வேறு எந்தச் சாமானும் வைக்க இயலாத இடம் என்பதால்தான் அது எப்போதும் சுத்தமாகவும் அமைதியாகவும் இருக்கிறது.

இனி சுவாமி அறை. இதைப் பற்றி எங்களிடம் நேரில் கேட்டவர்களும் உண்டு, கேட்காமல் நினைத்தவர்களும் உண்டு. எங்கள் உறவினர்கள் கேட்டார்கள், "வாடகை முழு வீட்டுக்கும்தானே குடுக்கிறியள், ஒரு அறையை ஏன் பூட்டி வைக்கிறியள்?" என்று. அயலில் சிலருக்குச் சோனக ஆட்கள் குடிவந்தால் அந்த அறை என்ன ஆகுமோ என்ற யோசனை இருந்தது. அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. தங்கள் வீட்டை நினைத்து யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

ஆறடிக்கு ஏழடி அறை. உள்ளே படங்கள், குத்துவிளக்கு, சுவரில் ஒரு மாடம். அந்த அறைக்கு ஹோல் பக்கம் ஒரு கதவு, முன் விறாந்தைப் பக்கம் ஒரு கதவு. ஹோல் பக்கக் கதவை நாங்கள் சாத்தி, அதற்கு முன்னால் புத்தக அலுமாரியை வைத்தோம். விறாந்தைக் கதவின் திறப்பைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை அவர் வந்து கூட்டித் துடைத்து விளக்கேற்றுவார். அதே வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜும்ஆவுக்கு ஆயத்தம் நடக்கும். அவர் வரும் வேளையில் பிள்ளைகள் விறாந்தையில் செருப்பைப் பரப்பிப் போடாமல் ஒதுக்கி வைப்பார்கள். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பழகியது. அந்தக் குசினியில் மாட்டிறைச்சி சமைப்பதில்லை என்று குடிவந்த நாளே நாங்களாகச் சொன்னோம். ஐயா கேட்கவில்லை.

போன நல்லூர்த் திருவிழாவுக்கு ஐயாவும் அம்மாவும் வந்து பத்து நாள் எங்களோடு தங்கினார்கள். வந்தவுடன் கால் கழுவிவிட்டு நேரே அந்த அறைக்குத்தான் போனார்கள். வெளியே வந்து ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரீச்சர், இதை நீங்கள் பாவிச்சிருக்கலாம். நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன்" என்றார்.

"பாவிச்சுக்கொண்டுதான் இருக்கிறம் ஐயா. நீங்கள் திரும்பி வர ஒரு அறை வேணும்தானே" என்றோம்.

பின்னேரம் ஸ்ரோருக்குள் போய் நின்றார். மூத்தவள் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். மேலே இருந்த சலாகையைக் கையால் தடவி, "இது அப்பு கட்டினது" என்று அவளுக்குச் சொன்னார். வெங்காயத்தை எப்படிப் பிடி கட்டுவது என்று அவளுடைய ரிபனை எடுத்துக் கட்டிக் காட்டினார்.

ஒரு அறையின் அருமை இந்த ஊருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எங்கள் பெற்றோர் 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சோனகத் தெருவில் இருந்து வெளியேற்றப்பட்டவர்கள். விடுதலைப் புலிகள் கொடுத்தது சில மணி நேரம். நாங்கள் கண் திறந்தது புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில். ஒரே ஒரு அறை. பகலில் குசினி, பின்னேரம் வகுப்பறை, இரவில் உம்மாவின் சேலையைக் குறுக்கே கட்டினால் இரண்டு படுக்கை அறை. அதே திகதியில், ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, இந்த வலிகாமம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. இணுவிலும் நடந்தது. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் ஒரு அறைக்கு ஒரு குடும்பம் என்று இருந்த கதையைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லக் கேட்டிருக்கிறோம். மாட்டுக் கொட்டிலில் ஒரு குடும்பம், விறாந்தையில் இரண்டு குடும்பம், நெல்லு அறையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி. 1996இல் திரும்பி வரும்வரை அப்படித்தான். அந்த ஆறு மாதமும் எந்த வீட்டிலும் உதவாத அறை என்று ஒன்று இருக்கவில்லை.

இப்போது யுத்தம் இல்லை, வீடுகள் இருக்கின்றன, அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அதை நினைத்துத்தான் இதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

இந்தப் பாடசாலை விடுமுறையில் உங்கள் வீட்டிலும் ஒரு பூட்டிய அறையைத் திறந்து பாருங்கள். அது முதலில் எதற்குக் கட்டினது என்று வீட்டில் மூத்தவர் யாரையாவது கேளுங்கள். அந்தக் கதையிலேயே அந்த அறையின் காற்றும் வெளிச்சமும் இருக்கும். சாமானை வெளியே எடுத்து ஒரு நாள் வெறுமையாக விடுங்கள். காலையில் ஒருக்கால், மத்தியானம் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் அதற்குள் ஒரு பாயைப் போட்டு இருந்து பாருங்கள். எந்த நேரம் இருக்க முடிகிறதோ அந்த நேரத்துக்குரிய வேலையை அங்கே கொண்டுபோங்கள். பிறகு, வீட்டில் தனக்கென்று ஒரு மூலை இல்லாமல் இருப்பவர் யார் என்று பாருங்கள். அநேகமாக அது ரிவிக்கு முன்னால் இருந்து படிக்கும் பிள்ளையாக இருக்கும். அல்லது ஹோலில் எல்லோரும் போய்வர நடுவில் படுத்திருக்கும் கிழவியாக இருக்கும். அவர்களுக்கு முதலில் கொடுங்கள்.

ஒரு அறையை வைத்திருக்கத்தான் வேண்டும், வேறு ஒருவர் திரும்பி வருவதற்காக, என்றால் அதையும் கூட்டித் துடைத்து வையுங்கள். அதுவும் பாவனைதான்.